காதுக்குள் நாடித்துடிப்போடு கேட்கும் சத்தமும் டியூரல் ஃபிஸ்டுலாவும்: திருகோணமலையிலிருந்து அடுத்து என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புவெளியில் இருக்கும் 54 வயது அம்மாவுக்கு மூன்று மாதமாக இடது காதுக்குள் நாடித்துடிப்போடு ஒத்துப்போகும் ஓர் இரைச்சல். ஈ.என்.ரி. கிளினிக்கில் காதில் பழுதில்லை என்றார்கள். சாதாரண சி.டி. ஸ்கானிலும் ஒன்றுமில்லை. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "இடது பக்கம் டியூரல் ஏ.வி. ஃபிஸ்டுலா இருக்கலாம், டி.எஸ்.ஏ. செய்து உறுதிப்படுத்தவும்" என்று எழுதியிருக்கிறது. (ஃபிஸ்டுலா என்பது நாடியும் நாளமும் நேரடியாக இணைந்துவிடுவது; டி.எஸ்.ஏ. என்பது நாடிக்குள் மருந்து ஏற்றி எடுக்கும் இரத்தக்குழாய் எக்ஸ்ரே.) மகள் கேட்பது நான்கு விஷயம்: இது ஆபத்தா, கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா, மண்டையைத் திறப்பார்களா, குளிசையில் சுகமாகாதா?

முதலில் நேரடிப் பதில்கள். ஆபத்தா இல்லையா என்பதை இந்த ரிப்போர்ட்டை வைத்து மட்டும் சொல்ல முடியாது, டி.எஸ்.ஏ. தான் சொல்லும். அதற்கு மூளை இரத்தக்குழாய்களுக்கென்று பயிற்சி பெற்ற குழுவும் ஆஞ்சியோகிராம் அறையும் உள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். பெரும்பாலானோருக்கு மண்டையைத் திறக்காமல், தொடையிடுக்கு அல்லது மணிக்கட்டு நாடி வழியாகவே சிகிச்சை முடிகிறது. இதை அடைக்கும் குளிசை கிடையாது.

இனி விரிவாக. மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைதான் டியூரா. அதற்கு இரத்தம் கொண்டுவரும் சிறு நாடிகள், அந்த உறைக்குள்ளேயே ஓடி மூளையின் இரத்தத்தைக் கழுத்துக்கு இறக்கும் பெருநாளத்தின் சுவரில் நேரடியாகத் திறந்துகொள்வதே டியூரல் ஃபிஸ்டுலா. இடையில் இருக்கவேண்டிய மயிர்த்துளைக் குழாய்கள் இல்லாததால் நாடியின் அழுத்தம் அப்படியே நாளத்துக்குள் இறங்குகிறது. மண்டைக்குள் காணப்படும் இரத்தக்குழாய்க் கோளாறுகளில் 100க்கு 10 முதல் 15 வரை இந்த வகை. பிறவியில் வருவது அரிது; பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு உண்டாவது. பெருநாளத்தில் எப்போதோ இரத்தம் உறைந்தது, தலையில் அடிபட்டது, மூளைச் சத்திரசிகிச்சை நடந்தது என்று முன்கதை சிலருக்கு இருக்கும். பலருக்கு எந்தக் காரணமும் கிடைக்காது. அம்மா ஏதோ செய்ததால் வந்தது என்று தேடவேண்டாம்.

சத்தம் எவ்வளவு பெரிது என்பதற்கும் ஆபத்துக்கும் தொடர்பில்லை. உள்ளே பாய்ந்த இரத்தம் எந்த நாளத்துக்குள், எந்தத் திசையில் வெளியேறுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கந்தளாய்ப் பக்கம் வயல் செய்பவர்களுக்கு இது உடனே விளங்கும்: மதகுத் தண்ணீரை வயலுக்கு விடாமல் நேரே வடிச்சல் வாய்க்காலுக்குள் திறந்துவிட்டால், வாய்க்கால் தடையின்றி ஓடும்வரை வயலுக்குக் கேடில்லை, கடைப்பக்கம் அடைபட்டால் தண்ணீர் எதிர்த்து ஏறி வயலை மூழ்கடிக்கும். இங்கே வயல் மூளை. பெருநாளத்தில் இரத்தம் வழமையான திசையில் கழுத்தை நோக்கி ஓடினால், காதுக்குள் ஓயாமல் இரைந்தாலும் மூளைக்கு நெருக்கடி இல்லை. அதே இரத்தம் மூளையின் மேற்பரப்பு நாளங்களுக்குள் எதிர்த்து ஏறினால், அந்த நாளங்கள் புடைத்து, மூளை வீங்கி, வலிப்பு, தடுமாற்றம், நினைவு மங்குதல், கடைசியில் இரத்தக்கசிவு என்று போகலாம்.

1995இல் வெளிவந்த போர்டன், கொக்னார்ட் என்ற இரண்டு வகைப்பாடுகளும் இந்த ஒரு கேள்வியை வைத்தே கட்டப்பட்டவை. ரிப்போர்ட்டில் போர்டன் 1 என்றோ கொக்னார்ட் 1, 2ஏ என்றோ இருந்தால் இரத்தம் பெருநாளத்துக்குள் மட்டும் ஓடுகிறது. போர்டன் 2, 3 அல்லது கொக்னார்ட் 2பி முதல் 4 வரை என்றால் மேற்பரப்பு நாளங்களுக்குள் ஏறியிருக்கிறது. கொக்னார்ட் 5 முள்ளந்தண்டு வடத்தின் நாளங்களை நோக்கி இறங்குவது. மேற்பரப்பு நாளங்களுக்குள் ஏறும் வகையில், இதுவரை கசிவு வராதவர்களுக்கு ஆண்டுக்கு 100 பேரில் ஏறத்தாழ 1 முதல் 2 பேருக்குக் கசிவு வரலாம். ஏற்கெனவே ஒருமுறை கசிந்தவர்களுக்கு அது 7 வரை உயரும். அதுவும் கசிந்த முதல் இரண்டு வாரம் மிக மோசமான காலம். டி.எஸ்.ஏ. முடிந்ததும் டொக்டரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே: "மேற்பரப்பு நாளங்களுக்குள் எதிர்த்து ஏறுகிறதா?" அவர் சொல்லும் ஆம், இல்லை என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சாதாரண சி.டி. ஏன் ஒன்றும் காட்டவில்லை? கொன்ட்ராஸ்ட் (இரத்தக்குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்து) ஏற்றாத சி.டி.யில் இரத்தக்குழாய்கள் தனித்துத் தெரியாது. கசிவு, பெரிய வீக்கம், எலும்பு முறிவு இவைதான் அதில் தெரியும். ஆகவே அந்த ஸ்கான் சொல்வது "இன்றைக்குக் கசிவு இல்லை" என்பதை மட்டும். நாடித்துடிப்போடு சத்தம் கேட்கும் ஒருவருக்கு அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் இந்த நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு காரணம். ஸ்கான் கோரும் படிவத்தில் "தலையிடி" என்று மட்டும் எழுதினால், கதிரியல் நிபுணர் தலையிடிக்கான காரணங்களைத்தான் தேடுவார். "இடது காதில் நாடித்துடிப்போடு சத்தம், 3 மாதம்" என்று எழுதினால் கண் வேறு இடங்களுக்குப் போகும். இந்த ஒரு வரியின் பெறுமதி, விலை கூடிய இயந்திரத்தின் பெறுமதிக்குக் குறைந்ததல்ல.

எம்.ஆர்.ஐ.யில் ஃபிஸ்டுலாவைக் காட்டும் அடையாளங்கள் சில. காதுக்குப் பின்னே வளைந்து இறங்கும் பெருநாளத்தின் (ட்ரான்ஸ்வர்ஸ், சிக்மொயிட் என்று ரிப்போர்ட்டில் இருக்கும், இந்த நோய் அதிகம் வருமிடம் அது) சுவரைச் சுற்றிப் பின்னலாக மெல்லிய குழாய்கள். மற்றப் பக்கத்தைவிடப் பருத்த பிடரி நாடி, பருத்த நடு டியூரா நாடி. எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படத்தொகுதியில், ஒட்சிசன் குறைந்த இரத்தம் ஓடும் நாளங்கள் கறுப்பாக இருக்கவேண்டும். நாடி இரத்தம் புகுந்த நாளம் வெளிறித் தெரியும். நாடி இரத்தத்தைக் காந்தத்தால் அடையாளமிட்டுப் பார்க்கும் ஏ.எஸ்.எல். என்ற தொகுதியில் பெருநாளம் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது வலுவான சாட்சி, ஏனென்றால் சரியான மூளையில் அந்த அடையாளத்தின் சமிக்ஞை நாளம்வரை வந்து சேராது.

இடது பக்கம் என்பதால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வயது கூடியவர்களில் நெஞ்செலும்புக்கும் பெருநாடிக்கும் இடையில் இடது பெருநாளம் நசிபட்டு, கழுத்து நாளத்தில் இரத்தம் மேல்நோக்கித் திரும்புவது சாதாரணம். ரி.ஓ.எஃப். என்ற ஆஞ்சியோ படத்தில் அது ஃபிஸ்டுலா போலவே ஒளிரும். ஒளிர்வு அந்த ஒரு படத்தில் மட்டும் இருந்து, நாடிகள் எதுவும் பருக்காமல், ஏ.எஸ்.எல். இருளாக இருந்தால் அது பொய்த் தோற்றமாக இருக்கலாம். இதே காரணத்துக்காக சி.டி. ஆஞ்சியோ செய்யும்போது கொன்ட்ராஸ்ட்டை வலது முழங்கை நாளத்தில் ஏற்றுவது நல்லது. இடது கையில் ஏற்றினால் மருந்தே கழுத்து நாளத்துக்குள் எதிர்த்தேறிப் படத்தைக் குழப்பும். 18 அல்லது 20 கேஜ் ஊசி, நொடிக்கு 4 முதல் 5 மில்லிலீற்றர், மொத்தம் 60 முதல் 80 மில்லிலீற்றர் என்பது வழமையான அளவு. கையின் பின்புறத்தில் மெல்லிய ஊசி போட்டு அந்த வேகத்தில் ஏற்ற முடியாது. படம் மங்கிப்போய், சின்ன ஃபிஸ்டுலா தப்பிவிடும்.

அம்மாவின் சத்தத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதை மறக்கவேண்டாம். கடும் இரத்தச்சோகை, தைரொயிட் மிகை, கழுத்து நாடியில் கொழுப்புப் படிவு, காதுக்குப் பின்னால் எலும்பு மெலிந்து பெருநாளம் வெளித்தெரிதல், நடுக்காதுக்கு அருகே இரத்தக்குழாய்க் கட்டி, மூளைநீரின் அழுத்தம் கூடுதல் எல்லாம் இதே சத்தத்தைத் தரும். ஹீமோகுளோபின், தைரொயிட் பரிசோதனை இரண்டும் திருகோணமலையிலேயே ஒரு நாளில் முடியும். கண் கிளினிக்கில் விழித்திரை நரம்பின் வீக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அமைதியான அறையில் டொக்டர் காதுக்குப் பின்னுள்ள எலும்பின்மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கவேண்டும். வெளியாளுக்கும் அந்தச் சத்தம் கேட்டால் ஃபிஸ்டுலாவின் வாய்ப்பு பலமடங்கு கூடும். அந்த இடத்தில் பிடரி நாடியை அழுத்தும்போது சத்தம் குறைவதும் ஃபிஸ்டுலாவின் பக்கம் கைகாட்டும். கழுத்து நாளத்தை ஒரு பக்கம் இலேசாக அழுத்தியதும் சத்தம் முழுக்க நின்றால், நாளத்தில் எழும் சாதாரண இரைச்சலாகவும் இருக்கலாம். இவற்றை வீட்டில் நீங்களே அழுத்திப் பார்க்கவேண்டாம். கழுத்து நாடியில் படிவு இருந்தால் அழுத்தம் பாரிசவாதத்தை வரவழைக்கக்கூடும்.

இனி டி.எஸ்.ஏ. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மொனிஸ் மூளை நாடிகளுக்குள் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்ததிலிருந்து வளர்ந்த முறை இது. இன்றைக்கும் ஃபிஸ்டுலாவுக்கு இறுதித் தீர்ப்பு இதுதான். காரணம் எளியது: எம்.ஆர்.ஐ. குழாய்களின் உருவத்தைக் காட்டுகிறது, டி.எஸ்.ஏ. அவற்றுக்குள் இரத்தம் ஓடும் வரிசையை நொடிக்கணக்கில் காட்டுகிறது. சரியான மூளையில் நாடிகளில் ஏற்றிய மருந்து நாளங்களுக்கு வர ஐந்தாறு நொடி ஆகும். ஃபிஸ்டுலாவில் நாடிகள் நிரம்பும் அதே கணத்திலேயே பெருநாளமும் நிரம்பிவிடும்.

நோயாளி விழித்திருப்பார். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கதீற்றரை (வளையும் மெல்லிய குழாயை) நாடி வழியாகக் கழுத்துவரை கொண்டுபோவார்கள். உள்ளே போகும்போது வலி இல்லை. மருந்து ஏறும்போது முகத்திலும் கண்ணுக்குப் பின்னும் சில நொடி சூடு பரவும். அந்த நொடிகளில் தலையை அசைக்காமலும் விழுங்காமலும் இருந்தால் படம் தெளிவாக வரும். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். நிரந்தரப் பாரிசவாதம் ஏற்படும் வாய்ப்பு, பழகிய கைகளில் 100க்கு ஒன்றைவிடக் குறைவு.

இந்தப் பரிசோதனை குறையாகச் செய்யப்பட்டால் "ஃபிஸ்டுலா இல்லை" என்ற பிழையான முடிவு வரும். எங்கே குறைகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. டியூராவுக்கு இரத்தம் கொடுப்பது பெரும்பாலும் வெளிக் கழுத்து நாடியின் கிளைகள். உள் நாடிகளை மட்டும் படமெடுத்து நிறுத்தினால் நோயே தெரியாமல் போகும். ஆகவே இரு பக்கமும் உள் கழுத்து நாடி, வெளிக் கழுத்து நாடி, முள்ளென்பு நாடி என்று ஆறு குழாய்களையும் தனித்தனியே பார்க்கவேண்டும். இடது பக்க ஃபிஸ்டுலாவுக்கு வலது பக்கத்திலிருந்தும் ஊட்டம் வரும். இரண்டாவது குறை, நாடிப் படம் வந்ததும் பதிவை நிறுத்துவது. கடைசி நாளம் நிரம்பி வடியும்வரை பதிவு ஓடவேண்டும், ஏனென்றால் சரியான மூளைப் பகுதி தன் இரத்தத்தை எந்த வழியால் வெளியேற்றுகிறது என்பது அந்தக் கடைசி நொடிகளில்தான் தெரியும். நோயுள்ள பெருநாளத்தையே மூளையும் இன்னும் பாவித்துக்கொண்டிருந்தால் அதை அடைக்க முடியாது. அடைத்தால் மூளை இரத்தம் தேங்கி வீங்கிவிடும். மூளை அதைக் கைவிட்டு வேறு வழி பிடித்திருந்தால் அடைக்கலாம். சிகிச்சைத் திட்டம் முழுவதும் இந்த ஒரு தகவலின்மேல் நிற்கிறது.

மேற்பரப்பு நாளங்களுக்குள் இரத்தம் எதிர்த்து ஏறும் ஏற்றம் இல்லை, சத்தமும் தாங்கக்கூடியது என்றால் ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பதே சரியான வைத்தியம். இவர்களில் 100க்கு இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே பின்னாளில் ஆபத்தான வகையாக மாறும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: சத்தம் ஒருநாள் திடீரென்று நின்றுவிட்டால் "சுகமாகிவிட்டது" என்று விட்டுவிடக்கூடாது. ஃபிஸ்டுலா தானாக மூடியிருக்கலாம். அல்லது, பெருநாளத்தின் வெளிவழி அடைபட்டு இரத்தம் மூளை நாளங்களுக்குத் திரும்பியிருக்கலாம். இரண்டும் நோயாளிக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். ஸ்கான்தான் பிரித்துச் சொல்லும். சத்தம் நின்றாலும், தன்மை மாறினாலும், புதிதாகத் தலையிடி தொடங்கினாலும் திரும்பவும் படம் எடுக்கவேண்டும்.

ஏற்றம் இருந்தால் அடைக்கவேண்டும். இன்று அதிகம் நடப்பது நாடி வழியாக ஒனிக்ஸ் என்ற திரவத்தை ஏற்றுவது. எத்திலீன் வினைல் அல்ககோல் கோபொலிமர் என்ற பொருளை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிவதற்காக டான்ரலம் தூள் கலந்தது அது. இரத்தத்தில் பட்டதும் கரைப்பான் பிரிந்துபோக, பொலிமர் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். தூள் அடியில் படியாதிருக்க குறைந்தது 20 நிமிடம் இயந்திரத்தில் குலுக்கவேண்டும்; அவசரப்பட்டால் திரையில் ஒனிக்ஸ் எங்கே போகிறது என்று தெரியாமல் போய், போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய தடிப்புள்ள மைக்ரோ கதீற்றரை நடு டியூரா நாடிக்குள் ஆழமாகக் கொண்டுபோவார்கள். அந்த நாடி நேராகவும், எலும்போடு ஒட்டி அசையாமலும் இருப்பதால் முதல் தெரிவு அதுவே. கதீற்றருக்குள் இருக்கும் வெளியை முதலில் டி.எம்.எஸ்.ஓ.வால் நிரப்பி, பிறகு நிமிடத்துக்கு 0.16 மில்லிலீற்றர் அளவில் ஒனிக்ஸை மெதுவாகத் தள்ளவேண்டும். வேகம் கூடினால் கரைப்பானே குழாய்ச் சுவரை எரித்துச் சுருங்கவைக்கும். கதீற்றர் நுனியைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத் திரவம் பின்னால் வரவிட்டு, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து அது இறுகியதும், அந்த அடைப்பையே பிடிமானமாக வைத்து மறுபடி முன்னே தள்ளுவார்கள். பொறுமைதான் இங்கே கைத்திறன். பொது மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் எடுப்பது சாதாரணம்.

ஒனிக்ஸ் போய்ச் சேரவேண்டிய இடம், நாடி நாளத்தோடு சேரும் புள்ளியும் அந்த நாளத்தின் முதல் துண்டும். நாடியை மட்டும் அடைத்துவிட்டு வந்தால் அன்றைக்குப் படம் அழகாக இருக்கும், சத்தமும் நிற்கும். நாளத்தில் அழுத்தம் குறைந்தே இருப்பதால் அது அக்கம்பக்கத்திலிருந்து புது நாடிகளை இழுத்துக்கொள்ளும். சில மாதத்தில் நோய் திரும்பும், இந்தமுறை கதீற்றர் நுழையமுடியாத மெல்லிய வலையாக. "பகுதி அடைத்தோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்" என்று சொன்னால், மேற்பரப்பு நாளத்துக்குள் ஏறுவது நின்றதா என்று கேளுங்கள். நிற்கவில்லை என்றால் ஆபத்து அப்படியே இருக்கிறது.

சிக்கல்களும் உண்டு, மறைக்கக்கூடாது. நடு டியூரா நாடியின் ஒரு சிறு கிளை முகநரம்புக்கு இரத்தம் கொடுக்கிறது. அதற்குள் ஒனிக்ஸ் போனால் முகம் ஒரு பக்கம் இழுபடும். இன்னொரு கிளை கண் நாடியோடு சேரலாம், பார்வைக்கு ஆபத்து. தொண்டைப் பக்க நாடிக் கிளைகள் விழுங்கும், பேசும் நரம்புகளுக்குப் போகின்றன. பிடரி நாடி முள்ளென்பு நாடியோடு கைகோர்த்திருக்கும். பழகியவர்கள் ஒவ்வொரு கிளையையும் முதலில் படமெடுத்து, இந்த இணைப்புகளைத் தாண்டி நுனியை வைத்த பிறகுதான் தொடங்குவார்கள். டியூரா நீளும்போது முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு திடீரென்று விழுவதும் உண்டு. மயக்க மருந்து நிபுணர் துடிப்பைக் கூட்டும் அற்றோபினைத் தயாராக வைத்திருப்பது இதற்காக. பிறகு ஓரிரு நாள் நோயாளியின் மூச்சிலும் தோலிலும் உள்ளி மணம் வரும், கரைப்பான் வெளியேறுகிறது, பயப்படத் தேவையில்லை. நீண்ட சிகிச்சையில் எக்ஸ்ரே பட்ட இடத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குப்பின் முடி வட்டமாகக் கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண்கள் இதற்குத்தான் அதிகம் கலங்குகிறார்கள்.

பெருநாளத்தை மூளை கைவிட்டிருந்தால், நாளப் பக்கமாகப் போய் பிளாட்டினம் கொயில்களால் (மெல்லிய கம்பிச்சுருள்களால்) நிரப்பி அடைப்பது இன்னொரு வழி. நெற்றியடியில் மூக்கின் மேற்கூரைக்கு மேலே வரும் வகைக்கு ஊட்டம் கண் நாடியிலிருந்து வருவதால், அங்கே மட்டும் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை பல இடங்களில் இன்னும் முதல் தெரிவு. கதிர்வீச்சு முறை மூடுவதற்கு ஓரிரு ஆண்டு எடுக்கும். ஏற்றமுள்ள நோயாளி அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

இதே குடும்பத்தின் இரண்டு உறவுகளைச் சொல்லாமல் விடமுடியவில்லை, இரண்டும் தவறவிடப்படுவது அதிகம். முதலாவது, கண்ணுக்குப் பின்னுள்ள காவர்னஸ் பெருநாளத்தில் வரும் ஃபிஸ்டுலா. ஒரு கண் சிவந்து, இமை வீங்கி, சில நேரம் இரட்டையாகத் தெரியும். கண்நோய் என்று வாரக்கணக்கில் சொட்டு மருந்து போடப்படும். சாதாரண கண்நோயில் பீளை வரும், சில நாளில் மாறும். இதில் பீளை இல்லை, வெண்விழியின் சிவந்த குழாய்கள் திருகுசுருள் போல் கருவிழி ஓரம்வரை வரும், கண் அழுத்தமும் கூடும். மெதுவாக ஓடும் வகைக்கு, கழுத்து நாடியில் படிவு இல்லை என்று ஸ்கான் செய்த பிறகு, நோயாளியே நாளுக்குப் பலதடவை சில நொடிகள் கழுத்து நாடியை அழுத்தும் முறை உண்டு. எதிர்ப்பக்கக் கையால்தான் அழுத்தவேண்டும்: மூளைக்கு இரத்தம் குறைந்தால் அந்தக் கைதான் சோர்ந்து தானாக விழும், அழுத்தமும் விடுபடும். தெரிந்தெடுத்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதிலேயே மூடிவிடும். டொக்டர் காட்டித்தராமல் யாரும் தொடங்கக்கூடாது.

இரண்டாவது, முள்ளந்தண்டு வடத்தில் வருவது. ஐம்பது அறுபது வயது கடந்த ஆண், நடக்க நடக்கக் கால் சோர்கிறது, மரத்துப்போகிறது, பிறகு சிறுநீர் அடக்கவோ கழிக்கவோ கஷ்டம். டிஸ்க் என்று சொல்லி, எண்ணெய் போட்டு, பெல்ற் கட்டி ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு போய்விடுகிறது. எம்.ஆர்.ஐ.யில் வடத்தின் அடிப்பகுதி நீளத்துக்கு வீங்கியிருக்கும், முதுகுப் பக்கமாகப் புழுப்போல நெளியும் கறுப்புக் குழாய்கள் தெரியும். இதை நரம்பு அழற்சி என்று எண்ணி ஸ்டீரொயிட் ஏற்றினால் சில மணி நேரத்தில் கால்கள் முற்றாக விழலாம். மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று எங்கிருந்து வந்தாலும், இப்படி ஒரு கதையைச் சொல்லும் முதியவரின் இடுப்பை மட்டும் ஸ்கான் செய்யாமல் நெஞ்சுப் பகுதி முள்ளந்தண்டையும் சேர்த்துச் செய்யவேண்டும். இழந்துவிட்ட நடை எல்லாம் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

இனி உங்கள் பயணம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் நரம்பியல் அல்லது மருத்துவ கிளினிக்கில் காட்டி, கொழும்பு அல்லது கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் சத்தம் எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எம்.ஆர்.ஐ. முடிவு, பார்வை, வலிப்பு, நினைவு எப்படி என்பவை இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் முழுப் படங்களும் உள்ள சீடியை டைகொம் வடிவில் (ஸ்கான் படங்களுக்கான கணினி வடிவம்) கேட்டு வாங்குங்கள். அச்சடித்த பிலிமில் தெரிந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும், எஸ்.டபிள்யூ.ஐ., ரி.ஓ.எஃப். பெரும்பாலும் அதில் வராது. பிலிமைப் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. சீடியின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

எல்லாக் குளிசைகளையும் உறையோடு கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின், குளோப்பிடோகிரல், அஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் திகதி கிடைத்த அன்றே சொல்லுங்கள், சொந்தமாக நிறுத்தவேண்டாம். நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர், சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால் கொன்ட்ராஸ்ட்டுக்குப்பின் 48 மணி நேரம் நிறுத்தி, இரத்தப் பரிசோதனை பார்த்தே மறுபடி தொடங்கவேண்டியிருக்கும். கிரியற்றினின் என்ற சிறுநீரக இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருந்தால் ஒரு நாள் மிச்சம். எங்கள் கரையில் அடிக்கடி வரும் பயம் இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்து கூடாது என்பது. கொன்ட்ராஸ்ட்டுக்கும் கடலுணவு ஒவ்வாமைக்கும் தனித்த தொடர்பு இல்லை. முன்பு கொன்ட்ராஸ்ட் ஏற்றித் தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதுதான் முக்கியம். அப்படி நடந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பொது மயக்கம் என்றால் ஆறு மணி நேரத்துக்கு முன் திட உணவு நிறுத்தம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம்வரை என்பது வழமை. வார்ட்டில் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

சிங்களமோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட வரட்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன், என்ன செய்கிறார்கள், என்ன பழுதாகலாம் என்பதைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவே கேட்கட்டும், கையெழுத்து அவருடையது.

தொடை வழியாகச் செய்திருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்கவேண்டும். அன்றிரவே மெயில் ரயிலிலோ பஸ்ஸிலோ ஊருக்குக் கிளம்பாதீர்கள். ஒரு நாளாவது தங்குங்கள். வழியில் துளையிட்ட இடம் வீங்கினால் அல்லது இரத்தம் வந்தால் படுக்கவைத்து, தோலில் தெரியும் துளைக்கு இரண்டு விரல் மேலே, கையை எடுத்தெடுத்துப் பார்க்காமல் 15 நிமிடம் அழுத்துங்கள். நாடியில் துளை இருப்பது தோல் துளைக்குச் சற்று மேலே. நிற்காவிட்டால் வழியிலுள்ள வைத்தியசாலைக்கு. ஒரு வாரம் தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர் தூக்கவேண்டாம்.

திகதி வருமுன் திடீரென்று உச்சகட்டத் தலையிடி, வாந்தி, வலிப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல் எதுவானாலும் 1990 அம்புலன்ஸை அழைத்து நேரே பொது வைத்தியசாலைக்குப் போங்கள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து "டியூரல் ஃபிஸ்டுலா சந்தேகம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அங்கே எடுக்கும் சி.டி.யில் கசிவு தெரிந்தால், அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்கு மாற்றும் ஒழுங்கு தொடங்கிவிடும்.

சிகிச்சை முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி ஒரு டி.எஸ்.ஏ. கேட்பார்கள். சத்தம் நின்றுவிட்டது, இனி ஏன் என்று தவறவிடவேண்டாம். முழுக்க மூடியது என்று எழுதித்தரக்கூடிய படம் அது ஒன்றுதான். அதற்கும் முன் முதல் வாரங்களில் தலையிடி நாளுக்கு நாள் கூடினால், அடைத்த பெருநாளத்தின் உறைவு அக்கம்பக்க நாளங்களுக்கும் பரவுகிறதா என்று பார்க்க உடனே எம்.ஆர்.ஐ. தேவைப்படும், கிளினிக் திகதிவரை காத்திருக்கக்கூடாது.